மெழுகு வாசம் என்று சொன்னேன்

பிளாஸ்டிக் உருக்கும் இயந்திரத்தின் வாயை லுயென் திறந்தபோது பால்வெள்ளைக் கூழ் வந்திருக்க வேண்டும். வந்தது கரும்பழுப்புச் சளி. அதற்கு முன்னால் ஒரு புகை வந்தது, நேராக அவள் முகத்துக்கு. கையிலிருந்த கொக்கியைக் கீழே போட்டாள். இரண்டடி பின்னால் வந்து, எதையோ மறந்துவிட்டவள்போல நின்றாள். பிறகு மூட்டைகளின் மேல் சரிந்து இருமத் தொடங்கினாள். அந்த இருமல் நிற்கவில்லை.

அந்தச் சரக்கை ஓட்டலாம் என்று சொன்னவன் நான்தான். சும்மா சொல்லவும் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு நாள் குறிப்பவனின் தோரணையில் சொன்னேன்: "சுத்தமான மெழுகு வாசம். தாராளமா ஓட்டு."

ஹனோய் நகரம் குடித்து, குளித்து, துவைத்து எறியும் குப்பிகளெல்லாம் எங்கள் ஊருக்கு வருகின்றன. நாங்கள் அவற்றைப் பிரித்து, சில்லுகளாக அரைத்து, கழுவி, உருக்கி, அரிசிக் குருணைபோல நறுக்கி மூட்டை கட்டுகிறோம். அடுத்த தெருவில் அந்தக் குருணை பேசினாகவும் வாளியாகவும் மாறி, துணி துவைப்பதற்காக மறுபடி ஹனோய்க்கே போகிறது. எங்கள் ஊர்க்காரர்கள் யாரோடும் ஒத்துப்போவோம். பிளாஸ்டிக் அப்படி இல்லை. ஒரு மூட்டை பாலித்தீனுக்குள் இரண்டு கைப்பிடி பி.வி.சி. சில்லு கலந்தால் போதும், உருகும் சூட்டில் அது கருகி அமிலப் புகை கக்கும்.

அதைக் கண்டுபிடிக்க எங்கள் ஊரில் ஓர் ஏற்பாடு இருந்தது. என் மூக்கு.

ஒரு தகர மூடியில் கைப்பிடிச் சில்லைப் போட்டுக் கொளுத்துவேன். எரியவிட்டு, ஊதி அணைத்து, எழும் புகையை முகர்வேன். பாலித்தீன் என்றால் அணைந்த மெழுகுவத்தி வாசம். நைலான் என்றால் முடி கருகும் நாற்றம். பி.வி.சி. என்றால் யாரோ மூக்குக்குள் ஊசி ஏற்றுவதுபோலச் சுள்ளென்று ஒரு காரம். கைப்பிடியில் ஒரே ஒரு சில்லு இருந்தாலும் சொல்லிவிடுவேன். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. எட்டுப் பட்டறைக்காரர்கள் தகர மூடியோடு என் வாசலில் வந்து நிற்பார்கள். "நியெம் அண்ணன் முகர்ந்தாச்சு" என்றால் அந்த மூட்டைக்கு அதற்குமேல் விசாரணை கிடையாது. எனக்கு வேறு திறமை எதுவும் இல்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் என் மனைவி மேனைக் கேளுங்கள், வரிசையாகச் சொல்வாள்.

போன மழைக்காலத்தில் ஆறு நாள் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் சளி என்று நினைத்தேன். அப்புறம் மீன் சாஸ் புட்டிக்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன். மீன் சாஸே தெரியவில்லை என்றால் எங்கள் நாட்டில் ஒருவன் செத்ததற்குச் சமம். யாரிடமும் சொல்லவில்லை. கையில்லாத தச்சனுக்காவது ஊரார் இரக்கப்படுவார்கள். மூக்கில்லாத மூக்கனைப் பார்த்தால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். இவ்வளவுதான் காரணம். பெரிய காரணமாக ஏதாவது இருந்தால் இந்தக் கதையை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதியிருப்பேன்.

ஒரு நாள் வீட்டுக்குள் நுழையும்போதே, சந்தேகம் வரக்கூடாது என்று, "கோழிச் சூப்பு வாசம் தெருமுனையிலயே இழுக்குதே" என்றேன்.

மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கோழி இன்னும் கூண்டுலதான் நிக்குது," என்றாள்.

ஐந்து மாதம் ஒப்பேற்றினேன். தட்டினால் வரும் சத்தம், வளைத்தால் விழும் வெள்ளைக் கோடு, சுடரின் நிறம் என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் மேல், கழுவும் தொட்டி என் மானத்தைக் காத்தது. தண்ணீரில் பாலித்தீன் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். நான் கண்ணை மூடி "ம்ம்" என்று தலையாட்டிய சரக்கெல்லாம் தொட்டியில் தானாகவே பிரிந்துகொண்டது. ஐந்து மாதத்தில் ஒரு முறைகூடத் தவறவில்லை. கேடு அங்கேதான் இருந்தது. தவறியிருந்தால் அப்போதே சிரித்துத் தொலைத்திருப்பார்கள்.

எங்கள் சந்திர நாட்காட்டியில் பன்னிரண்டாம் மாதம் இருபத்தாறாம் நாள். புத்தாண்டுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. பட்டறைகளெல்லாம் தொட்டியை வடித்து, தேய்த்துக் கவிழ்த்துவிட்டிருந்தன. அப்போது பார்த்து தொவானின் பட்டறைக்கு ஒரு வண்டிச் சில்லு வந்து இறங்கியது. தொவான் என் சித்தப்பா மகன், பட்டறை அவனுடையது. லுயென் அங்கே பன்னிரண்டு வருடமாக இயந்திரம் ஓட்டுபவள். புருஷன் இல்லை. மகள் நகரத்தில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள்.

"அண்ணே, தொட்டியை வடிச்சாச்சு," என்றான் தொவான். "வித்தவன் கழுவின சரக்குன்னு சத்தியம் பண்றான். இதை ஓட்டி முடிச்சுட்டா மனசு நிம்மதியா பண்டிகையைக் கொண்டாடலாம்."

"சத்தியம் பண்றவன் சரக்கைத்தான் ரெண்டு தடவை கழுவணும்," என்றாள் லுயென், பூப்போட்ட துணி மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து.

"அதுக்குத்தானே அண்ணன் மூக்கு இருக்கு. பத்த வைங்கண்ணே."

பற்ற வைத்தேன். மஞ்சள் சுடர், அடியில் நீலம், சொட்டுச் சொட்டாக உருகல். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மெழுகுவத்திதான். ஊதி அணைத்தேன். புகைக்குமேல் குனிந்து, கண்ணை மூடி, வழக்கத்தைவிட நீளமாக முகர்ந்தேன். வெறும் சூடு மட்டும் வந்தது. நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துச் சொன்னேன். அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

அரை மணி நேரத்தில் இயந்திரத்துக்குள் கூழை வடிக்கும் வலை அடைத்துக்கொண்டது. வலையை மாற்ற லுயென் அதன் வாயைத் திறந்தாள்.

நான்கு நாள் மாவட்ட ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதல் நாள் மருத்துவரை நடைக்கூடத்தில் மறித்தேன்.

"புகை எதனாலங்க?"

"பல காரணம் சேர்ந்து வர்றதுங்க இது. சூடு, அடைச்ச இடம், துணி மாஸ்க், பழைய சளி."

"அதுல ஒரு ஆள் தப்பாச் சொன்னது எத்தனையாவது காரணம்?"

"நீங்க அவங்க வீட்டுக்காரரா?"

"இல்லீங்க."

"அப்போ வெளிய உக்காருங்க."

வெளியே உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் செய்த நீல முக்காலிதான். ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் தொவானிடம் போனேன். பிரித்துப் போட்ட இயந்திரத்தின் திருகுத் தண்டில் கருகி ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"தொவான், இது என்னாலயா?"

"இந்த மெஷின் எங்கப்பா காலத்துதுண்ணே. சூடு காட்டுற முள்ளு எப்பவும் பொய்தான் சொல்லும்."

"நான் மெஷினைப் பத்திக் கேக்கல."

"வித்தவன் போனை எடுக்க மாட்டேங்கிறான். அவன்தான் கலந்திருக்கான், படுபாவி."

"அவனைப் பத்தியும் கேக்கல."

தொவான் சுரண்டுவதை நிறுத்தினான். "அண்ணே, வருஷக் கடைசி. வாயில நல்ல வார்த்தை வரட்டும். புகை பிடிக்கிறீங்களா?" என்று மூங்கில் புகைக்குழாயை நீட்டினான். பிடித்தேன். மனம் கெட்ட நேரத்திலும் ஓசியில் கிடைத்த புகையை விட்டதில்லை.

புத்தாண்டை ஒட்டிய நாட்களில் எங்களில் யாரும் கெட்ட சொல் பேச மாட்டோம். முதல் மூன்று நாள் வீட்டைப் பெருக்கக்கூட மாட்டோம், அதிர்ஷ்டம் குப்பையோடு போய்விடுமாம். குப்பையில் பிழைக்கிற ஊரில் இதை எல்லோரும் சிரிக்காமல் கடைப்பிடிக்கிறோம். ஆகவே நான் யாரிடம் கேட்டாலும் அந்தக் கேள்வி எச்சில் துப்பியதுபோல அவர்கள் முன்னால் விழுந்தது. எல்லோரும் நாகரிகமாகக் காலை நகர்த்திக்கொண்டார்கள்.

புத்தாண்டின் இரண்டாம் நாள் வாழ்த்துச் சொல்ல லுயென் வீட்டுக்குப் போனேன். வந்துவிட்டிருந்தாள். வாசலிலிருந்து அடுப்படிக்கு ஒரு கெட்டிலைத் தூக்கிப் போனவள் வழியில் மூன்று முறை நின்றாள். நின்ற ஒவ்வொரு முறையும் சுவரில் ஏதோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். சுவரில் ஒன்றுமில்லை. மகள் ஓடி வந்து கெட்டிலை வாங்கிக்கொண்டாள். இனி இயந்திரத்தின் பக்கமே போகக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

வீடு நிறைய விருந்தாளிகள். "இந்த வருஷம் எல்லாம் சுகமா நடக்கட்டும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். "உங்களுக்கும்ணே," என்றாள் லுயென். அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. நான்கு பூசணி விதையைக் கொறித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

வீட்டில் மேன் பசையரிசிக் கேக்கின் மேல் மூங்கில் நாரைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

"மேன், லுயென் விஷயம் என்னாலதானே?"

"சாப்பிடுங்க. ஆறினா கல்லு மாதிரி ஆயிடும்."

"உனக்கு என் மூக்கு விஷயம் தெரியுமா?"

நாரை இழுத்தாள். கேக் எட்டுத் துண்டாக விரிந்தது. "கோழி கூண்டுல நின்ன அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

"சரி, லுயென் விஷயத்துக்கு வா," என்றேன்.

"எல்லாருக்கும் வயசாகுது," என்று சொல்லிவிட்டு, அடுப்பில் எதுவும் இல்லாதபோதே அடுப்படிக்குப் போனாள்.

ஆறாம் நாள் இயந்திரம் திறப்பு. தொவானின் பட்டறையில் இதற்கு ஒரு முறை உண்டு. இயந்திரத்தின் முன்னால் அவித்த கோழி, சிவப்புப் பசையரிசிச் சோறு, மூன்று ஊதுபத்தி. பிறகு வருடத்தின் முதல் கைப்பிடிச் சில்லை நான் கொளுத்தி முகர்ந்து, "மெழுகு வாசம்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லோடுதான் மின்விசையைப் போடுவார்கள். பதினெட்டு வருடமும் நான் சொல்லியிருக்கிறேன். ஒரு வருடம் முந்திய இரவின் அரிசிச் சாராயத்தில் நிற்க முடியாமல், இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த முறை லுயென் நிற்கும் இடத்தில் தியெப் நின்றாள். தொவானின் மருமகள், கல்யாணமாகி ஏழு மாதம். லுயெனின் கொக்கி அவள் கையில் இருந்தது. அதே போலப் பூப்போட்ட துணி மாஸ்க்.

தகர மூடியைக் கொளுத்தினேன். மஞ்சள் சுடர், நீல அடி, சொட்டும் உருகல். ஊதினேன். குனிந்தேன்.

ஊதுபத்தியும் வரவில்லை, கோழியும் வரவில்லை, எதுவும் வரவில்லை. உலகமே கழுவிக் கவிழ்த்த தொட்டிபோல இருந்தது.

"சொல்லுங்க பெரியப்பா," என்றாள் தியெப், மின்விசையில் கை வைத்தபடி. "கோழி ஆறுது."

நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

"தெரியல," என்றேன்.

"அண்ணன் நாடகத்தை ஆரம்பிச்சுட்டார்," என்றான் தொவான். "சொல்லுங்கண்ணே, நல்ல நேரம் போயிடும்."

"நாடகம் இல்ல. எனக்கு வாசம் தெரியல. அஞ்சு மாசத்துக்கு மேலாத் தெரியல. இருபத்தாறாம் நாளும் தெரியல. தெரிஞ்ச மாதிரிதான் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. தொவானின் முகத்தில் கோபம் வருவதற்கு முன்னால் பயம் வந்தது. "வருஷத்தோட முதல் வார்த்தை இதுதானா?" என்றான் மெல்ல. "சாமி முன்னாடி? இன்னைக்கா?"

"அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"போதும்ணே. சரக்கு நல்ல சரக்குதான். நான் பாத்துத்தான் வாங்கினேன். தியெப், போடும்மா."

தியெப் மாமனாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவிழ்த்து வைத்திருந்த மூட்டையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டேன். வீரமாக எல்லாம் இல்லை. மூட்டை சரிந்து, பாதிச் சில்லு என் கால்சட்டைக்குள் போனது. நிச்சயமாகப் பார்க்கச் சகிக்காத காட்சி.

"எந்திரிங்கண்ணே."

"தொட்டியில தண்ணி விடு. போட்டுப் பாரு. மூழ்குறதைப் பொறுக்கி எடுத்துட்டு அப்புறம் ஓட்டு."

"தண்ணி நெறைய மதியம் ஆயிடும். நேரம் பாத்து வச்சது காலைல."

"மதியம் ஓட்டு."

தியெப் மின்விசையிலிருந்து கையை எடுத்தாள். மாஸ்க்கைக் கழற்றி, கொக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் குழாயைத் திறக்கப் போனாள். தொவான் அவளைத் தடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தண்ணீர் வெறும் தொட்டியில் விழும் சத்தம் பட்டறை முழுவதும் கேட்டது. மதியம் தொட்டியின் அடியில் எவ்வளவு தங்கியது என்று பார்க்க நான் இருக்கவில்லை. எழுந்து லுயென் வீட்டுக்கு நடந்தேன். வழி நெடுக என் கால்சட்டையிலிருந்து சில்லு உதிர்ந்துகொண்டே வந்தது.

அவள் முற்றத்தில் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, ஷாம்பு குப்பிகளிலிருந்து லேபிளைக் கத்தியால் உரித்துக்கொண்டிருந்தாள். யாரோ இரண்டு மூட்டை கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. இயந்திரம் ஓட்டுபவள் செய்கிற வேலை இல்லை. மகள் விடுமுறை முடிந்து நகரத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

"மெஷின் திறப்பு ஆச்சா?" என்றாள்.

"இல்ல. நான் கெடுத்துட்டேன்."

"குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப விஷயம் பெருசுதான். உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஒரு குப்பியைக் கையில் எடுத்தேன், சும்மா இருக்க முடியாமல். "லுயென், எனக்கு வாசம் தெரியாது. மழைக்காலத்துக் காய்ச்சல்லயே போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்கு நான் மெழுகுன்னு சொன்னது பொய்."

கத்தி ஒரு குப்பியின் மேல் நின்றது. அவள் மூச்சு வாங்கக் காத்திருந்தாள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வந்துச்சு," என்றாள்.

"என்ன வந்துச்சு?"

"காரம். நீங்க தகரத்தை ஊதி அணைச்சீங்களே, அப்ப. ரெண்டடி தள்ளித்தான் நின்னேன். மாஸ்க்குக்குள்ளயே சுள்ளுன்னு ஏறுச்சு." நிறுத்தி, மூச்சு வாங்கினாள். "பன்னெண்டு வருஷமா அந்த மெஷின் பக்கத்துல நிக்கிறேன். எனக்குத் தெரியாதா அந்தக் காரம்."

"பின்ன ஏன் ஓட்டின?"

"நீங்க மெழுகுன்னீங்க."

கையிலிருந்த குப்பியின் மூடியைத் திருகினேன்.

"நீங்க கண்ணை மூடி அவ்வளவு நேரம் முகர்ந்தீங்க. அப்புறம் நிமிந்து மெழுகுன்னீங்க. நான் நெனச்சேன், என் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு. ராத்திரியே சளி பிடிச்ச மாதிரி இருந்துச்சு, அதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." மறுபடி மூச்சு. "வாயைத் திறக்குறப்பகூட ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம், அண்ணன் சொல்லியாச்சு, நமக்கென்னன்னு திறந்தேன்."

"நான் தெரியலன்னு சொல்லியிருந்தா?"

"நிறுத்தியிருப்பேன். தொவான் கத்தியிருப்பான். நான் வீட்டுக்கு வந்திருப்பேன்."

முற்றத்துப் பீச் கிளையிலிருந்து பூ கொட்டியிருந்தது. ஆறு நாளாகியும் யாரும் பெருக்கவில்லை. பெருக்கக் குனிய அவளால் முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. துடைப்பம் எங்கே என்று கண்ணால் தேடினேன்.

"பாரு, அஞ்சு மாசம் ஊரையே ஏமாத்தின மூக்கு," என்றேன். "இதை அறுத்து தராசுல போட்டா—"

"ஜோக் வேணாம்ணே." குரல் உயரவில்லை. உயர்த்துவதற்கு அவளிடம் மூச்சும் இல்லை. "நீங்க ஜோக் அடிச்சா நான் சிரிக்கணும். சிரிச்சா இருமல் வரும். கேக்க வந்ததைக் கேளுங்க."

குப்பியைக் கீழே வைத்தேன். மருத்துவரிடம் கேட்டபோது இருந்த சாமர்த்தியம், தொவானிடம் கேட்டபோது இருந்த வீராப்பு எதுவும் இப்போது இல்லை. அவர்களிடமெல்லாம் நான் 'இல்லை' என்ற பதிலுக்காகத்தான் கேட்டிருக்கிறேன் என்பது தெரிந்தது.

"என்னாலயா, லுயென்?"

கத்தியை மடியில் வைத்தாள். ஒரு முழு மூச்சு உள்ளே போகும்வரை பொறுத்திருந்தாள், நடுவில் உடையாமல் சொல்ல வேண்டும் என்பதுபோல.

"ஆமாண்ணே," என்றாள். "உங்களாலதான்."